மெல்லிய ஓப்பல் மணிமாலை: வைத்துக்கொள்ளவா, திருப்பி அனுப்பவா?

காவேரிக்கரை | ஞாயிறு, காலை 7.20

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். ஒரு மாலையை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று நாலு நாளாக மண்டை காய்கிறது. வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில். இங்கே நகை தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

ஜெய்ப்பூர்க் கடை ஒன்றில் ஆன்லைனில் வாங்கியது. எத்தியோப்பிய ஓப்பல் (திருப்பத் திருப்ப நிறம் மாறித் தெரியும் பால்நிறக் கல்), பட்டை தீட்டிய மணிகள். நடுவில் 5 மில்லிமீட்டர், போகப் போகச் சிறுத்துப் பின்கழுத்துப் பக்கம் 3 மில்லிமீட்டர். நீளம் 17 அங்குலம், வெள்ளிக் கொக்கி. எடை 32 காரட் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். விலை 9,800 ரூபாய். கைக்கு வந்து பத்து நாளுக்குள் அனுப்பினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அதில் நாலு நாள் போய்விட்டது.

பிரச்சினை என்னவென்றால், காலையில் கோலம் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தால் உயிரே போகிறது. ஒரு மணியில் பச்சை, அடுத்ததில் தீக்கங்கு மாதிரி ஆரஞ்சு, லேசாகத் திருப்பினால் பச்சை இருந்த இடத்தில் நீலம். அதே மாலையை வீட்டுக்குள் ட்யூப்லைட்டில் போட்டுக்கொண்டு நின்றால் நீர்மோர் நிறத்தில் ஏதோ மணி. வீட்டுக்காரர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு "கண்ணாடியா?" என்றார். அத்தை (மாமியார்) கேட்கவே இல்லை, நேராகச் சொல்லிவிட்டார்: "இந்தக் காசுக்கு ஒரு மூக்குத்தி வந்திருக்கும்."

அப்புறம் பயம். ஓப்பல் உடையும், தண்ணீர் ஆகாது, எண்ணெய் ஆகாது என்று படித்தேன். நான் நகையைக் கழற்றி வைத்துப் பழகாதவள். தாலிக்கொடி இருபது வருடமாகக் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. அதோடு சேர்த்து இதையும் போட்டால் உரசுமா?

தங்கம்மட்டும் | ஞாயிறு, காலை 8.05

திருப்பி அனுப்புங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எந்த அடகுக் கடையிலும் வாங்க மாட்டான். விற்கப் போனால் "வெள்ளிக் கொக்கிக்கு இவ்வளவு தருகிறேன்" என்பான், அவ்வளவுதான்.

பட்டறைப் பையன் | ஞாயிறு, காலை 10.40

அக்கா, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டறை. ஓப்பல் எங்களுக்குப் புதிதுதான், ஆனால் கடந்த பத்து வருடத்தில் நிறையக் கைக்கு வந்துவிட்டது.

முதலில், கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓப்பல் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஆஸ்திரேலியக் கல்லும் எத்தியோப்பியக் கல்லும் நடந்துகொள்ளும் விதம் வேறு. இன்று சந்தையில் மணியாக வருவதில் பெரும்பங்கு எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதிக் கல். 2008-ல் வேகல் தேனா என்ற ஊர்ப்பக்கம் மலைச்சரிவில் கண்டுபிடித்தார்கள். எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு நடுவே, ஒரு மீட்டர் தடிப்புகூட இல்லாத ஒரே ஒரு படலத்தில் இருக்கிறது. அங்கிருந்து கச்சாக் கல் ஜெய்ப்பூருக்கு வந்து, அங்கே துளைபோட்டுப் பட்டை தீட்டி உலகம் முழுக்கப் போகிறது. அதனால் உங்கள் கடைக்காரர் சொல்வது நம்பக்கூடியதுதான்.

இந்தக் கல் தண்ணீர் குடிக்கும். உண்மையாகவே குடிக்கும். ஒரு மணியை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். பச்சைக் களிமண் ஓடு மாதிரி லேசாக ஒட்டி இழுக்கும். ஒட்டினால் பெரும்பாலும் எத்தியோப்பியக் கல். கண்ணாடி ஒட்டாது. ஓப்பல் என்று சொல்லிப் பால்நிறக் கண்ணாடி மணியும் விற்கிறார்கள். அதை முன்பக்க வெளிச்சத்தில் பார்த்தால் முழுக்க நீலம் தட்டும், வெளிச்சத்தைப் பின்னால் வைத்தால் முழுக்க ஆரஞ்சு அடிக்கும். உள்ளே தனித்தனி வண்ணத் திட்டுகள் ஓடாது. உங்கள் வாசல்படிக் கதையைக் கேட்டால் அது இல்லை என்றே தோன்றுகிறது.

எடை: 32 காரட் என்றால் 6.4 கிராம். தெரிந்த நகைக் கடையில் ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள். ஈரம் குடித்திருந்தால் எடை கூடக் காட்டும், அதனால் நாக்குச் சோதனைக்கு முன்னாலேயே நிறுத்துவிடுங்கள். தண்ணீரில் மட்டும் முக்கிப் பார்க்காதீர்கள். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் வம்பு.

தாலிக்கொடி விஷயம். தங்கம் ஓப்பலைவிட மிருது, அது கீறாது. ஆனால் உங்கள் கொடியில் கல் வைத்த முகப்பு இருக்கிறதா?

காவேரிக்கரை | ஞாயிறு, காலை 11.15

இருக்கிறது தம்பி. சிவப்பும் வெள்ளையும்.

பட்டறைப் பையன் | ஞாயிறு, காலை 11.30

அதுதான் எதிரி. ஓப்பல் கடினத்தன்மை அளவுகோலில் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் நிற்கும். முகப்பில் இருக்கும் வெள்ளைக் கல் அமெரிக்கன் டைமண்டாக இருந்தால் எட்டுக்கு மேல். கெம்பு அசலென்றால் ஒன்பது. நீங்கள் குனிந்து நிமிரும்போதெல்லாம் இது அதன்மேல் இழையும். ஆறு மாதத்தில் பட்டையின் விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும். தெருப்புழுதியிலேயே குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, அது ஏழு. புழுதி படிந்த மணியைத் துணியால் அழுத்தித் துடைப்பதுகூட நல்லதில்லை.

17 அங்குலம் கழுத்தெலும்பில் நின்றுவிடும், முகப்பு அதற்குக் கீழே நெஞ்சில் கிடக்கும் என்றால் பிரச்சினை குறைவு. கண்ணாடி முன்னால் நின்று, குனிந்து நிமிர்ந்து பாருங்கள்.

துலா ராசி | ஞாயிறு, மதியம் 1.10

எல்லாரும் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓப்பல் சுக்கிரனுக்கு உரியது. வைரம் வாங்க முடியாதவர்கள் அதற்குப் பதிலாகப் போடுவது. ரிஷபம், துலாம் என்றால் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் ஜாதகம் பார்க்காமல் போடக் கூடாது. சகோதரியின் ராசி என்ன?

தங்கம்மட்டும் | ஞாயிறு, மதியம் 1.25

கிரகத்துக்கு மோதிரத்தில் ஒரு கல் பதித்துத்தானே போடுவார்கள்? நூற்றுக்கணக்கில் மணி கோர்த்துப் போட்டால் சுக்கிரனே திணறிப்போவார்.

ஒளிச்சிதறல் | ஞாயிறு, மாலை 4.00

நவரத்தினப் பட்டியலில் ஓப்பல் கிடையாது. வைரம், முத்து, பவளம், மாணிக்கம், மரகதம், நீலம், புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம். ஒன்பதும் முடிந்துவிட்டது. ஓப்பல் பின்னால் வந்து பந்தியில் ஓரமாக உட்கார்ந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும், சண்டை வேண்டாம்.

ஐரோப்பாவிலும் இதேபோல் ஒரு பயம் இருந்தது. 1829-ல் வந்த ஓர் ஆங்கில நாவலில், ஒரு சீமாட்டியின் கூந்தலில் இருக்கும் ஓப்பல்மேல் ஒரு துளி புனித நீர் படுகிறது. கல் ஒளியை இழக்கிறது, அவள் மயங்கி விழுகிறாள், மறுநாள் அறையில் சாம்பல்தான் மிச்சம். ஓப்பல் ஆகாது என்ற பேச்சு வலுத்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம் என்பார்கள். பிறகு விக்டோரியா மகாராணி தன் பெண்களுக்கு ஓப்பல் நகைகளைப் பரிசாகக் கொடுத்து அதன் மானத்தைக் காப்பாற்றினார்.

எனக்குச் சிரிப்பு என்னவென்றால், தண்ணீர் பட்டால் ஒளி போகும் என்பது உங்கள் எத்தியோப்பியக் கல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. சாம்பல்தான் மிஞ்சாது.

காரணம் இது. ஓப்பல் படிகம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள், கூடவே கொஞ்சம் தண்ணீர். நல்ல ஓப்பலில் அந்த உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில், பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கியது மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். 1960-களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வோர் உருண்டையும் ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அடுக்குகளில் வெளிச்சம் பட்டுச் சிதறும்போது, கோணத்துக்கு ஒரு நிறமாகத் தெறிக்கிறது. உருண்டை சிறியதென்றால் நீலத்தோடு நின்றுவிடும். பெரியதென்றால் சிவப்பும் வரும். சிவப்புக்கு விலை அதிகம் கேட்பது அதனால்தான்.

உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் காற்று இருக்கிறவரை நிறம் நன்றாகத் தெறிக்கும். தண்ணீர் புகுந்தால் சந்துக்கும் உருண்டைக்கும் ஒளியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விடும். கல் தெளிந்து, நிறம் மங்கும். உலர்ந்தால் திரும்பும்.

ட்யூப்லைட் விஷயமும் இதேதான். ட்யூப்லைட் நாலு பக்கமும் பரவிய வெளிச்சம். எல்லாக் கோணத்திலிருந்தும் வந்து விழுந்தால் எந்த நிறமும் தனித்துத் தெரியாது. ஓப்பலுக்கு ஒற்றைப் புள்ளி வெளிச்சம் வேண்டும். சூரியன், டார்ச், இல்லையென்றால் விளக்கு. இன்று சாயங்காலம் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கு முன்னால் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மயிலைவாசி | ஞாயிறு, இரவு 8.30

தண்ணீர் குடிக்கும் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டீர்கள். நான் குடிக்கவைத்தவள். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதே மாதிரி மாலைதான், இதைவிடக் கொஞ்சம் பொடி மணி. வாங்கிய கையோடு ஒரு சித்திரை மாதக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கையில் சந்தனம் வேறு. தலையில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை, அதில் இரண்டு முழம் மல்லிகை, எல்லாம் சரியாகப் பின்கழுத்தில் மாலைமேல்தான் கிடக்கிறது. முகூர்த்தம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் கண்ணாடியில் பார்க்கிறேன், பகீர் என்றது. மணியெல்லாம் வெந்த ஜவ்வரிசி. பாயசத்தில் மிதக்குமே, அதேபோல் கண்ணாடியாக, உள்ளே ஓடுகிற நூல் வெளியே தெரிகிறது! நிறம் என்று ஒன்றுமே இல்லை.

அழாத குறையாகக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பருத்தித் துணியில் விரித்து நிழலில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள்" என்றார். ஐந்து நாள் ஆயிற்று. ஒவ்வொரு மணியாக மறுபடி பால் பிடித்தது, நிறமும் வந்தது. முன்பக்கம் முழுக்கப் பழையபடி ஆகிவிட்டது.

ஆனால் பின்கழுத்தில் ஒரு பத்து, பன்னிரண்டு மணிகள் திரும்பவே இல்லை. பழுப்பு மஞ்சள், பழைய வெண்ணெய் நிறம். தண்ணீர் வந்த வழியே போய்விடுகிறது, எண்ணெய் போவதில்லை. இன்றும் அப்படியேதான் இருக்கிறது. சடை மறைத்துவிடும், கொண்டை போட்டால் தெரியும்.

பனங்கூடல் | திங்கள், காலை 5.50

மெல்பேர்ணில் இருந்து எழுதுகிறேன், பிறந்தது யாழ்ப்பாணம். தங்கச்சி, உங்களுக்கு ஓப்பல்தான் விருப்பம் என்றால் இந்த மாலையை அனுப்பிவிட்டு, ஆஸ்திரேலியக் கல் ஒன்றே ஒன்று பதித்த பென்டன் வாங்கலாம். அது இப்படித் தண்ணீர் குடிக்காது. நான் ஒன்றைப் பன்னிரண்டு வருடமாகப் போடுகிறேன். மழையில் நனைந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஒரு விடயம் மட்டும் கவனம்: மெல்லிய ஓப்பல் தகட்டைக் கறுப்புக் கல்லில் ஒட்டி, மேலே ஒரு தெளிந்த மூடி போட்டு விற்பார்கள். ஒட்டுக்கல். அதைத் தண்ணீரில் போட்டால் பசை விடும். பக்கவாட்டில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும்.

ஐந்தாறு வருடத்துக்கு முந்தி கூபர் பீடி போனோம். அடிலெயிட்டில் இருந்து வடக்கே 850 கிலோமீட்டர் கிட்ட. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புற்று மாதிரி வெள்ளை மண்குவியல், ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் விழக்கூடிய குழி. பின்பக்கமாக நடக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், படம் எடுக்கிறேன் என்று பின்னுக்குப் போய் விழுந்துவிடுவார்களாம். வெக்கை தாங்காமல் சனம் நிலத்துக்குக் கீழே குடைந்து வீடு கட்டியிருக்கிறது. 1915-ல் தகப்பனோடு பொன் தேடிப் போன ஒரு பதின்ம வயதுப் பொடியன்தான் அங்கே முதல் ஓப்பலைக் கண்டவன். பொன் கிடைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் வெயிலுக்குள் அரை நாள் மண்குவியலைக் கிளறிக் கிளறி, நகக்கண் அளவில் ஒரு துண்டு கண்டுபிடித்தார்கள். நிறமே இல்லாத வெள்ளை. அதை இன்னும் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

காவேரிக்கரை | திங்கள், இரவு 9.45

எல்லாருக்கும் நன்றி. இன்றைய நிலவரம்.

எடை 7.1 கிராம், கொக்கி, நூல் எல்லாம் சேர்த்து. கணக்கு சரிதான் போல. நாக்கில் வைத்தேன், ஒட்டியது. வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "சாப்பிட்டே பார்த்துவிட்டாயா?" என்றார்.

முகப்பு: நேராக நின்றால் மாலை மேலே, முகப்பு கீழே. குனிந்தால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. நான் பள்ளிக்கூட ஆசிரியை. நாள் முழுக்க நோட்டுத் திருத்தக் குனிவதுதான் வேலை.

மயிலைவாசி, உங்கள் ஜவ்வரிசியைப் படித்ததிலிருந்து அந்தப் பெட்டியைத் திறக்கவே கை நடுங்குகிறது. ஆனால் ஒளிச்சிதறல் சார் சொன்ன மாதிரி விளக்கு முன்னால் பார்த்தேன். ட்யூப்லைட்டை அணைத்ததும் அத்தை "கரண்ட் போயிடுச்சா?" என்று கூடத்திலிருந்து கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. திரி அசைய அசைய ஒவ்வொரு மணியிலும் நிறம் இடம் மாறுகிறது.

இன்னும் குழப்பம் கூடிவிட்டதே தவிர குறையவில்லை.

நூல்காரி | திங்கள், இரவு 11.00

மதுரையில் வீட்டிலேயே முத்து, பவளம், மணி எல்லாம் கோர்த்துக் கொடுக்கிறேன். எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள், நூலை யாரும் பார்க்கவில்லை. ஓப்பல் மாலை கெடுவது பாதி துளையில்தான்.

நாளைக்குப் பகலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மாலையை அதன்மேல் வையுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். துளையின் வாயில் சில்லு பெயர்ந்திருக்கிறதா. மணிக்குள் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா. மணிகளுக்கு நடுவில் முடிச்சு இருக்கிறதா, இல்லை ஒன்றோடொன்று இடிக்கிறதா.

முடிச்சு இருக்காது என்று இப்போதே சொல்கிறேன். விற்பனைக்கு வருகிற சரம் எல்லாம் நெருக்கி, இழுத்துக் கட்டியதுதான். பார்க்க வரிசையாக அழகாக இருக்கும், ஆனால் கழுத்து அசைய அசைய மணியும் மணியும் பல்லைக் கடிக்கும். துளை வாய் பெயர்வது இப்படித்தான். பெயர்ந்த வாய் பிளேடு மாதிரி நூலை அறுக்கும். என்றைக்காவது ஒரு நாள் பஸ் படிக்கட்டில் அறுந்து விழுந்தால் பொறுக்கவே முடியாது.

காவேரிக்கரை | செவ்வாய், மாலை 6.10

எண்ணிவிட்டேன். 148 மணி. பதினொன்றில் துளை வாயில் பொடிச் சில்லு. முடிச்சு இல்லை, நீங்கள் சொன்னதேதான். இரண்டு மணிகளில் வலை மாதிரி கோடு இருக்கிறது, நடுவிலிருந்து இடதுபக்கம் ஒன்பதாவதும் வலதுபக்கம் இருபதாவதும். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைக்காரருக்கும் அனுப்பினேன். மரியாதையாகத்தான் பேசினார். வேறு சரம் அனுப்புகிறேன், இல்லையென்றால் இதையே வைத்துக்கொண்டால் 1,500 ரூபாய் திருப்பித் தருகிறேன் என்கிறார்.

பட்டறைப் பையன் | செவ்வாய், மாலை 7.00

வேறு சரம் வேண்டாம் அக்கா. அதிலும் இப்படி இரண்டு இருக்கும், நிறம் இதுபோல் இருக்குமா என்று சொல்ல முடியாது. அந்த வலைக்கோடுதான் ஓப்பலின் சாபம். உள்ளே இருக்கும் ஈரம் வேகமாக வெளியேறினாலோ, சூடும் குளிரும் சட்டென்று மாறினாலோ மேனி வெடிக்கும். வெடித்தது சேராது. எண்ணெயில் ஊறவைத்தால் மறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மயிலைவாசி அக்காவின் வெண்ணெய் நிறம்தான் மிஞ்சும். மற்ற 146-ம் நாளைக்கு வெடிக்காது என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் பொதுவாக வெடிக்கிற கல் வெட்டி எடுத்த கொஞ்ச காலத்திலேயே காட்டிவிடும். கூரியர் வண்டியில் வந்து, திருச்சி வெக்கையில் ஆறு நாள் இருந்தும் படத்தில் புதுக் கோடு இல்லையென்றால் ஓரளவு நம்பலாம். கடைசி நாள் காலையில் அதே கோணத்தில் மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தங்கம்மட்டும் | செவ்வாய், இரவு 8.15

குனியக் கூடாது, வியர்க்கக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது, பன்னீர் கூடாது. கழுத்தில் போடுகிற நகையா, ஐசியூ நோயாளியா?

மயிலைவாசி | செவ்வாய், இரவு 8.40

உங்கள் வீட்டில் அசல் ஜரிகைப் பட்டுப்புடவை இருக்கிறதா அண்ணா? அதை வாஷிங்மெஷினில் போடுகிறீர்களா? அதைக் கட்டிக்கொண்டு யாராவது சமைப்பார்களா? வருடத்துக்கு நாலு தரம் எடுத்துக் கட்டி, நிழலில் காயப்போட்டு, மடிப்பை மாற்றி மாற்றி வைக்கவில்லையா? என் மாலையில் பன்னிரண்டு மணி கெட்டும் நான் தூக்கிப் போடவில்லை. இப்போது எப்படிப் போடுவது என்று தெரிந்துவிட்டது. சென்ட், பவுடர், தலை எல்லாம் முடித்து, கடைசியாகக் கழுத்தில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் முதலில் இறங்கும்.

தங்கம்மட்டும் | செவ்வாய், இரவு 8.55

பட்டுப்புடவை கிழிந்தாலும் ஜரிகையை எடைக்கு எடுத்துக்கொள்வான். இதை?

காவேரிக்கரை | புதன், இரவு 10.30

தங்கம்மட்டும் அண்ணா, நீங்கள் முதல் நாளே சொன்ன அடகுக் கடைதான் எனக்கு மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கோபமில்லை. சொல்கிறேன்.

எங்கள் அம்மாவிடம் இருந்த எல்லா நகையும் ஏதாவது ஒரு சமயம் அடகுக்குப் போய் வந்தவைதான். அண்ணன் காலேஜுக்கு வளையல், அப்பா ஆபரேஷனுக்கு இரட்டை வடச் சங்கிலி, என் கல்யாணத்துக்கு முன்னால் தோடுகூட. ரசீதுகளை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருப்பாள். ஒரு நகை வாங்கும்போது அவள் பார்ப்பது இரண்டே விஷயம், எத்தனை பவுன், கல் எவ்வளவு எடை கழிப்பான். கல் வைத்தது வேண்டவே வேண்டாம் என்பாள், அடகில் கல்லுக்குக் காசு வராது. அழகாக இருக்கிறதா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் அவள் கண்தான். இத்தனை வருடச் சம்பளத்தில் நான் வாங்கியதெல்லாம் காசும் வளையலும்தான்.

ஆபத்துக்கு ஒரு பைசாவுக்கு உதவாத நகை என்று என் கைக்கு வந்த முதல் பொருள் இது. திருப்பி அனுப்பத் தோன்றுவதற்கும் அதுதான் காரணம், அனுப்ப மனம் வராததற்கும் அதுதான் காரணம் என்று இன்றைக்கு நோட்டுத் திருத்தும்போது தோன்றியது.

தங்கம்மட்டும் | புதன், இரவு 11.05

சரிம்மா. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டுப்புடவை கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துலா ராசி | வியாழன், காலை 6.30

சகோதரி இன்னும் ராசி சொல்லவில்லை.

காவேரிக்கரை | சனி, காலை 9.20

கடைசி நாள். காலையில் அதே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிட்டேன், புதுக் கோடு ஒன்றுமில்லை. வைத்துக்கொள்கிறேன். கடைக்காரர் 1,500 அனுப்பிவிட்டார்.

நூல்காரி அக்கா, அந்த இரண்டு மணியை எடுத்துவிட்டு, முடிச்சுப் போட்டுக் கோர்த்துத் தருவீர்களா? மதுரைக்கு நானே கொண்டுவருகிறேன், கூரியரில் அனுப்ப மனமில்லை. ராசி கன்னி.

நூல்காரி | சனி, காலை 10.45

வாருங்கள். ஆனால் ஒரு கணக்கு: ஒரு முடிச்சுக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 146 முடிச்சுக்கு மூன்று அங்குலம் ஏறிவிடும். 17 அங்குலம் 20 ஆகி, நேராக உங்கள் முகப்பு மேல் போய் உட்காரும். அதனால் ஐந்து மணிக்கு ஒரு முடிச்சுப் போடுகிறேன். அரை அங்குலம்தான் ஏறும், அதைப் பின்பக்கம் நாலைந்து மணி குறைத்துச் சரிக்கட்டலாம். சில்லு பெயர்ந்த பதினொன்றையும் பின்னால் தள்ளிவிடுகிறேன், துளை வாயை மட்டும் மெல்ல இழைத்துக் கொடுக்கலாம். பட்டு நூல்தான். கொக்கி உரசும் இடத்தில் சுருள் கம்பி போடுகிறேன். வருடம் ஒரு முறை நூல் மாற்ற வேண்டும், அதற்குச் சம்மதமா? எடுத்த மணிகளை வீசாதீர்கள், டப்பாவில் போட்டு வைத்திருங்கள்.

பட்டறைப் பையன் | சனி, காலை 11.00

புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதை மாலைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள் அக்கா. கல்லில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும். பருத்தித் துணிப்பை போதும். தங்கத்தோடு ஒரே டப்பாவில் வேண்டாம்.

காவேரிக்கரை | சனி, இரவு 9.00

எல்லாவற்றுக்கும் சம்மதம். அடுத்த சனிக்கிழமை மதுரை.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், கூடத்து ட்யூப்லைட் அணைந்திருக்கிறது. அத்தை விளக்கு முன்னால் உட்கார்ந்து மாலையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டு, "கண்ணாடி மாதிரி தெரியலை" என்றார். கொஞ்சம் கழித்து, அடுத்த மாதம் அவர் அண்ணன் பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்.

மயிலைவாசி | சனி, இரவு 9.10

கொடுங்கள். பன்னீர்ச் செம்பு வைத்திருக்கும் பெண் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு, அத்தையை வேறு வாசல் வழியாக அழைத்துப் போங்கள்.